இரண்டாம் சாட்சி

படத்தில் அது இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, எந்த இடத்தில் இருக்கும் என்று தங்கை கணக்குப் போட்டு அனுப்பியிருந்தாளோ, அதே இடத்தில் இருந்தது. மங்கலாக, ஓரத்தில் கொஞ்சம் பஞ்சு பிரிந்த மாதிரி. வால்நட்சத்திரமேதான். இதுவரை எவர் கண்ணிலும் படாத வால்நட்சத்திரம்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

பெரிய நாடுகள் மலைக்கு மலை தொலைநோக்கி வைத்திருக்கின்றன. மூத்தவள் ஒன்றிலும் தங்கை இன்னொன்றிலும் வேலை பார்க்கும் இந்த ஐந்து சின்ன நாடுகளுக்கும் அப்படி ஒன்றைத் தனியாக வாங்க வக்கில்லை. அதனால் ஆளுக்கொரு சின்னத் தொலைநோக்கியைப் போட்டு, அண்ணன் தம்பிகள் வீட்டைப் பாகம் பிரிப்பது போல வானத்தைப் பிரித்துக்கொண்டு கூட்டாகப் பார்த்துவந்தன.

கூட்டணியில் ஒரு விதி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? ஆகவே ஒரு நாடு எதைக் கண்டுபிடித்தாலும், இன்னொரு நாடு தன் தொலைநோக்கியில் பார்த்து, ஆமாம், இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் உலகத்துக்கு அறிவிப்பார்கள்.

தங்கை கண்டதற்குச் சாட்சி சொல்லும் வேலை, ஐந்து நாட்டில் வேறு ஆளே இல்லாதது போல, மூத்தவளின் தலையில் வந்து விழுந்திருந்தது. யார் இந்தக் குசும்பைச் செய்தது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

தங்கை இப்போது இருக்கும் அந்த நாட்டு வேலைக்கு முதலில் விண்ணப்பித்தவளே மூத்தவள்தான். “நானும் சும்மா போட்டுப் பாக்கறேன்கா” என்று பின்னாலேயே போட்டவள் தங்கை. கிடைத்தது யாருக்கு? சும்மா போட்டவளுக்கு.

அங்கே மழை என்பது பேருக்குத்தான். வானம் துடைத்து வைத்தது போல இருக்குமாம். இங்கே பாதி நாள் மேகம், மீதி நாள் நகரத்து வெளிச்சம். இவள் அறையில் ஏசி ஒழுகுகிறது. அதற்கு அடியில் ஒரு வாளி.

போதாக்குறைக்கு அம்மா. முழங்கால் வலிக்கு அம்மாவை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துக்கொண்டு அலைபவள் மூத்தவள். அங்கே டோக்கனுக்கு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் அம்மா வாய் ஓயாமல் பேசுவது சின்னவளைப் பற்றி. “எங்க சின்னவ கடல் தாண்டிப் போய் நட்சத்திரத்தையே பிடிக்கிறா!”

அப்படியானால் பெரியவள் இங்கே என்ன, கொசுவா பிடிக்கிறாள்?

கூட்டம் தொடங்கியது. திரையில் ஐந்து கட்டங்கள், ஐந்து முகங்கள். இன்றைக்கு அறிவிப்பார்கள் என்று தங்கை புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சட்டையைப் பார்த்ததும் மூத்தவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டணித் தலைவர் அவசரப்படுத்தினார். இன்றைக்கு அறிவிக்காவிட்டால் நாளையோ மறுநாளோ ஏதாவது ஒரு பெரிய நாட்டின் தொலைநோக்கியில் இது மாட்டிவிடும். அப்புறம் பேரும் அவர்களுக்கு, புகழும் அவர்களுக்கு. உங்கள் படம் என்ன சொல்கிறது என்று மூத்தவளைக் கேட்டார்.

அவள் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாலும் இருந்தது.

“எங்க படத்துல ஒண்ணும் இல்லை சார்” என்றாள். “பக்கத்துல ஒரு பெரிய நட்சத்திரம் இருக்கு. அந்த வெளிச்சம் அவங்க தொலைநோக்கிக் கண்ணாடியில பட்டுத் திரும்பியிருக்கு. அதுதான் பொட்டு மாதிரி தெரியுது.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. போன வருஷம் இதே மாதிரி ஒரு பொய்ப் பொட்டை இவள்தான் கண்டுபிடித்துச் சொல்லி, கூட்டணியின் மானத்தைக் காப்பாற்றியிருந்தாள். அதிலிருந்து இவள் சொன்னால் சொன்னதுதான்.

தங்கையின் முகம் வாடியது. மூத்தவளுக்கு, என்னத்தைச் சொல்ல, சந்தோஷமாக இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம், நல்ல சந்தோஷம்.

தலைவருக்குத்தான் மனசு வரவில்லை. எதற்கும் மூன்றாவது நாட்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாமே என்று இழுத்தார். மூத்தவளுக்குத் திக்கென்றது. இன்னொருவர் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

“வேண்டாம் சார்” என்றாள் தங்கை. “இதை எங்க அக்காவுக்கே அனுப்புங்கன்னு உங்ககிட்ட கெஞ்சிக் கேட்டவளே நான்தானே? நான் ஒரு அவசரக்குடுக்கை. அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவ இல்லைன்னு சொன்னா இல்லைதான். பட்டியல்லேருந்து எடுத்துடுங்க.”

தலைவர் எடுத்துவிட்டார்.

மூத்தவளின் மைக் திறந்துதான் இருந்தது. பொறுங்கள், தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தலையை எடுத்துவிடப் போவதில்லை. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது.

அதற்குள் தங்கை, மற்ற நாட்டுக்காரர்களுக்குப் புரியாத வீட்டுப் பேச்சுக்குத் தாவினாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

“நல்லவேளைக்கா, நீ பாத்தே. இல்லைன்னா ஊரே சிரிச்சிருக்கும். அம்மா சாப்பிட்டாங்களா?”

மூத்தவள் வாயைத் திறந்தாள்.

“சாப்பிட்டாங்க” என்றாள்.