இறக்கத்து வேகத்தடை

பந்தயத்துக்கு இன்னும் இரண்டே நாள். சைக்கிள் வீரர்கள் பாய்ந்து வரும் இறக்கத்தில், ரோட்டின் குறுக்கே ஒரு வேகத்தடை கொழுத்துப் படுத்திருப்பதைக் கண்டு பாதை அமைப்பாளருக்குப் பகீரென்றது. போன மாதம் காரில் சாய்ந்தபடியே வழியைப் பார்வையிட்ட மகானுபாவர் அவர். பாதி தூரம் குறட்டை. அது அவருக்கும் டிரைவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

"உடைங்கடா!" என்றார், கூட வந்த ஆட்களிடம்.

எதிர்வீட்டு அம்மா இடுப்பில் கைவைத்து வழிமறித்தாள். "கைய வச்சுத்தான் பாருங்களேன்! இங்கதான் வேன் மோதி என் மக கால் உடைஞ்சுது."

"அம்மா, நூறு பேர் ஒட்டிக்கிட்டு வருவாங்க. ஒருத்தனை இது தூக்கி அடிச்சா மொத்தக் கூட்டமும் அவன்மேல விழும்."

"அவங்க எலும்பு எலும்பு, என் மக எலும்பு சுள்ளியா? வழி பார்க்க வந்தப்ப உங்க கண்ணு எங்க போச்சு?"

அமைப்பாளர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது வேறு.

"எதை உடைச்சாலும் பழையபடி கட்டித் தரணும்னு நகராட்சியோட ஒப்பந்தம் இருக்கு. பந்தயம் முடிஞ்சதும் இதைவிட ஒசத்தியா, வெள்ளைக்கோடு போட்டே தர்றோம். போதுமா, தாயே?"

அவள் முறைத்துக்கொண்டே உள்ளே போனாள். கொல்லையில் புருஷன் சட்டியில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டி, முந்தாநாள் முதுகொடிய நான் போட்டதை உடைக்கவா விட்டுட்டே?"

"உடைக்கட்டும். எத்தனை மனு குடுத்தும் வராத வேகத்தடை, இப்ப சட்டப்படி வருது!"