மணியம்மாள் வீட்டில் ஜோஷ்வா

முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, மனநலச் சேவைகள் குறித்த ஆராய்ச்சிப் பயிற்சியில் பிளெஸ்ஸி சேர்ந்திருந்தாள். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களை வீடு தேடிப் போய், ஏன் விட்டார்கள் என்று கேட்பதுதான் வேலை. அவளுடைய தம்பி ஜோஷ்வாவும் அப்படி விட்டவன்தான். போன வருடம் அவனைப் பொன்னேரியில் அடக்கம் செய்தார்கள்.

அன்று பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்கு முதல்முறையாகப் போனாள். மணியம்மாள் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“மாத்திரைய ஏன்மா நிறுத்தினீங்க?”

“நிறுத்தினேன்தான். இப்ப திரும்பப் போட்டுக்கினு வர்றேன். உன் தம்பி சொல்லுச்சு.”

“எந்தத் தம்பி?”

“ஜோஷ்வான்னுச்சு. புருவத்துல தழும்பு இருக்கு. அக்கா வரும், பொய் சொல்லாதீங்கன்னுச்சு.”

சின்ன வயதில் அவளோடு விளையாடும்போது விழுந்து ஏற்பட்ட தழும்பு அது. பிளெஸ்ஸிக்குக் கேட்க வேண்டியதெல்லாம் மறந்துபோனது.

“சாப்பிட்டானா?” என்றாள்.

“கஞ்சி ஊத்தினேன். இன்னும் கொஞ்சம்னு வாங்கிக் குடிச்சுது. நீ ஏன்பா மாத்திரைய நிறுத்தினேன்னு நானும் கேட்டேன். அக்கா ஒரு நாளும் கேட்கல, அது கேட்டா சொல்றேன்னுச்சு.”

பிளெஸ்ஸி தெருவின் இரு பக்கமும் பார்த்தாள்.

“எந்தப் பக்கம் போனான்?”

“எங்க போச்சு? உள்ளதான் படுத்துக்கினு இருக்கு. போய்க் கேளு.”

பிளெஸ்ஸி செருப்பைக் கழற்றினாள். இருட்டான அறைக்குள் பாயில் யாரோ புரண்டு படுத்தார்கள்.