பயில்வான் என்றால் என்ன அர்த்தம்

“வாடா பயில்வான், வந்து படு.”

பச்சிளங்குழந்தைகள் வார்டின் பெரிய சிஸ்டர் இதைச் சொன்னது லிப்ட் மெக்கானிக்கின் மகனைப் பார்த்து இல்லை.

பிரசவ அறையிலிருந்து அப்போதுதான் தூக்கிவந்த வேறொரு குழந்தையைப் பார்த்து. குறைமாதப் பிள்ளை, கைக்குட்டையில் சுருட்டிவிடலாம் போல இருந்தது. தன் மேஜையை ஒட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பதமாக வைத்தார்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. பயில்வான் அவன் மகனுடைய பெயர் அல்லவா?

மகனை இன்று வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். மனைவி பக்கத்து அறையில் டாக்டரிடம் சொட்டு மருந்தைப் பற்றி நூறு சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகன் இவன் தோளில் தூங்கினான்.

பெயருக்கா பஞ்சம்? அக்கா, சூரியன் என்று பொருள் வரும் வடமொழிப் பெயர் ஒன்றை அனுப்பியிருந்தாள். மாமனார் பழைய தமிழ் அரசன் ஒருவனின் பெயரை, பகை முடித்தவன் என்ற விளக்கத்தோடு அனுப்பினார். மச்சான் எங்கிருந்தோ ஒரு பாரசீகப் பெயரைப் பிடித்து வந்தான், சிங்கமாம். குடும்ப வாட்ஸ்அப்பில் சூரியனும் அரசனும் சிங்கமும் மாறி மாறி முட்டிக்கொண்டார்கள்.

இவன் மட்டும் வாய் திறக்கவில்லை.

பெயர் வைத்துவிட்டு, அப்புறம் அந்தப் பெயரைச் சொல்லி அழ வேண்டி வந்தால்? மனைவிக்கும் அதே பயம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெரிய சிஸ்டர் அந்த வார்டில் யாரையும் விட்டுவைக்க மாட்டார். முகத்தைச் சுளித்தபடியே கிடக்கிற பிள்ளை ஜட்ஜ். வாயை மூடாத பிள்ளை வக்கீல். மூலையில் ஒரு தூங்குமூஞ்சி. தன் மகன் காலை உதைக்கிற உதையைப் பார்த்துத்தான் பயில்வான் என்கிறார் என்று மெக்கானிக் நினைத்தான். வேலை செய்யும் இடத்தில் எல்லோரிடமும் பயில்வான் இன்று பால் குடித்தான், பயில்வான் கண் திறந்தான் என்று ஒரே பெருமை. மீசை இருந்திருந்தால் முறுக்கியிருப்பான். பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பெயரோ இருக்கட்டும், வீட்டில் பயில்வான்தான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டான்.

இப்போது பார்த்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் பயில்வான்.

துண்டு மடித்துக்கொண்டிருந்த சின்ன நர்ஸிடம், எங்கள் பெயரைத் தூக்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று பாதி விளையாட்டாகக் குறைபட்டுக்கொண்டான்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியும் என்றே நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. மேஜைக்குப் பக்கத்துப் பெட்டி எப்போதுமே பயில்வான் பெட்டிதான் என்றாள். டாக்டர்களே உறுதி சொல்லத் தயங்குகிற பிள்ளையை அதில்தான் வைப்பார்கள். பிழைக்குமோ பிழைக்காதோ என்று நினைத்துக்கொண்டே ஊசி போட்டால் கை நடுங்குமாம். பயில்வானுக்குப் போடுகிறோம் என்று நினைத்தால் நடுங்காதாம். பெரிய சிஸ்டர் கொண்டுவந்த வழக்கம்.

இத்தனை நாளும் அந்தப் பெட்டியில் கிடந்தது மெக்கானிக்கின் மகன்.

ராத்திரி பூராவும் என்னோடு மல்லுக்கு நின்றான் உங்கள் பிள்ளை என்று ஒரு நாள் காலையில் பெரிய சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இவனும் சேர்ந்து சிரித்தான். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தூக்கமில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டு, கேன்டீனுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டான். அது என்ன ராத்திரி என்று இப்போதுதான் உறைத்தது.

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட மனுஷி!

அவனுக்கும் இது கொஞ்சம் தெரியும். இரண்டு மாடிக்கு நடுவே லிப்ட் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் மேலேயிருந்து சும்மா கதை பேசுவான், கேலி செய்வான். கை பாட்டுக்கு வேலையைப் பார்க்கும், நெஞ்சு பாட்டுக்கு அடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்துக்கே நாக்கு வறண்டுவிடும். இந்த அம்மாள் வருஷக்கணக்காக அப்படிப் பேசிக்கொண்டிருக்கிறார். இவனுக்குத் தெரியாமல், இவனிடமும் அப்படித்தான் பேசியிருக்கிறார்.

எல்லாப் பயில்வான்களும் வீட்டுக்குப் போனார்களா என்று அவன் சின்ன நர்ஸிடம் கேட்கவில்லை.

பெரிய சிஸ்டர் பெட்டிக்குள் கைவிட்டு ஏதோ குழாயைச் சரிசெய்தபடி, புது ஆளை அதட்டிக்கொண்டிருந்தார். என்ன சேட்டை, வந்த உடனேயே உதையா, உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று. குரலில் ஒரு பிசிறு இல்லை.

கதவோரம் ஒரு பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றான். பெட்டியில் இருப்பது அவன் பிள்ளை என்பது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

மெக்கானிக் அருகில் போனதும், அவன் மெதுவாகக் கேட்டான். இவ்வளவு சின்ன உயிரைப் போய் ஏன் பயில்வான் என்கிறார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று.

மெக்கானிக் தோளில் கிடந்த மகனை இறக்கி, முகம் தெரியும்படி அவன் பக்கம் திருப்பினான். தூக்கம் கலைந்த கோபத்தில் மகன் ஓங்கி ஓர் உதை விட்டான்.

“பொழச்சு வீட்டுக்குப் போறவன்னு அர்த்தம், தம்பி. இதோ, நேத்து வரைக்கும் இவன்தான் பயில்வான். இன்னையிலேருந்து உங்க புள்ள.”