மூன்றாவது குண்டு

மலைப் பங்களா ஒன்றின் கூடத்துச் சுவரில், ஒரே ஆணியில் ஒரு சிறுத்தைத் தோல் தொங்கியது. அதன் கோபம் அடங்கியதே இல்லை.

"லாரியில் அடிபட்டுச் செத்தேன். உடம்பில் ஒரு ஓட்டை கிடையாது. இந்த ஆள் என்னை விலைக்கு வாங்கி வந்து, தானே சுட்டதாக அளக்கிறான்" என்று பொருமியது.

"அளந்துவிட்டுப் போகட்டுமே. உனக்கென்ன குறைந்துபோச்சு?" என்றது ஆணி.

ஒருநாள் ஒரு விருந்தாளி, "குண்டு எங்கே பட்டது?" என்று கேட்டுவிட்டார். முதலாளி ஏகாம்பரம் பேச்சை மாற்றினார். விருந்தாளி போனதும் கம்பியைக் காய்ச்சித் தோலின் கழுத்தில் ஒரு பொத்தல் போட்டார். அடுத்த வாரம் கதையில் குண்டு இரண்டானது. தோளில் இன்னொரு பொத்தல் விழுந்தது.

தோல் கொதித்தது. "காட்டில் இருந்தவரை என்னை யாரும் சுடவில்லை. இந்தச் சுவருக்கு வந்த பிறகுதான் சுடுகிறான். நீயும் என்னைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டே நிற்கிறாய். வெட்கமாக இல்லை?"

ஆணிக்குச் சுருக்கென்றது. அன்று மாலை விருந்தாளிகள் முன்னால் ஏகாம்பரம் கதையைத் தொடங்கியதும், அது பிடியை விட்டது. தோல் அவர் தலையில் விழுந்து மூடியது. அவர் அலறிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் ஓடினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செத்த பிறகு முதல்முறையாகத் தோலின் மனம் ஆறியது.

மறுநாள் காலை பழைய ஆணி குப்பைக்குப் போனது. தோலின் நான்கு மூலையிலும் புது ஆணி அடித்தார்கள். பிறகு ஏகாம்பரம் கம்பியைக் காய்ச்சினார்.

மாலையில் புதிதாக வந்தவர்களிடம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "செத்த பிறகும் என்மேல் பாய்ந்த சிறுத்தை இது. மூன்றாவது குண்டில்தான் அடங்கியது."