மூன்று முறை கேட்டைத் தட்டியவன்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் பரஞ்சோதி.

செம்பனை ஆலையில் நான் பாய்லர் வேலை பார்த்தேன். அவன் மண்டோர், எங்களுக்கு மேஸ்திரி. நீராவிக் குழாய் கசிகிறது, ஆபீசில் சொல் என்று மூன்று முறை அவனிடம் சொன்னேன். அவன் சொல்லவில்லை. குழாய் வெடித்தது. என் வலது கை வெந்தது. "எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றது ஆபீஸ். வேலை போனது எனக்குத்தான்.

இருபத்திரண்டு வருஷம் அவனோடு பேச்சில்லை.

இப்போது அவன் குருண் டவுனில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். என் மகள் காஞ்சனா வேலைக்குப் போவது அதில்தான். வேறு பஸ் இல்லை, அதனால் விட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் என் வீட்டு கேட்டைத் தட்டினான்.

"முனியாண்டி அண்ணே, ஒரு விஷயம்..."

"இப்பத்தான் வாய் திறந்துச்சா? போடா!"

மறுவாரமும் வந்தான். கேட்டைப் பூட்டினேன். மூன்றாம் முறை நல்ல மழை. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"யாருப்பா வெளிய?" என்றாள் காஞ்சனா.

"பரஞ்சோதி. மன்னிப்புக் கேட்க வந்திருக்கான். நனையட்டும் லா."

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்குப் போனாள். கோபம் என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன். வேலைக்குப் போகும் வழியில் காஞ்சனா மயங்கி விழுந்துவிட்டாள்.

ஓடினேன். சத்தியசீலன் என்ற இளம் டாக்டர் உட்கார வைத்தார்.

"ஐயா என்ன வேலை பார்த்தீங்க?"

"பாய்லர்."

"அப்ப சுலபமாப் புரியும். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டி பாய்லர் நிறைய இருக்கு. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. நியூக்ளியஸ்னு ஒரு ஆபீசும் இருக்கு. பாய்லர்ல கோளாறுன்னா ஆபீசுக்குச் சேதி போகும். ஆபீஸ் வேண்டிய சாமானைச் செஞ்சு அனுப்பும். உங்க மகளுக்கு பாய்லரே பழுதுன்னு சந்தேகப்படுறோம். சேதி போய்க்கிட்டே இருக்கும். ஆனா ஆபீஸ் அனுப்புறது பத்தாது. இப்ப இதயமும் தளர்ந்துபோச்சு. துடிப்பைச் சீராக்குற கருவி வைக்கணும்."

பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இதயத்தில் கருவியா? 

"சேதியே போகலைன்னா டாக்டர்?"

"ஆபீசுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நல்லா ஓடுதுன்னு சும்மா இருக்கும்."

"நடுவுல ஒரு பரஞ்சோதி இருந்தா அதான் கதி!" என்றேன். அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

டாக்டர் நிமிர்ந்தார். "பரஞ்சோதியா? அவர்தானே இவங்களை பஸ்ஸோட இங்க கொண்டு வந்தாரு?"

ஒரு தாளை நீட்டினார். சாய்ந்த எழுத்து. எனக்குத் தெரிந்த கையெழுத்து, பரஞ்சோதியுடையது. காஞ்சனா பஸ் படி ஏற முடியாமல் நின்ற தேதி, கண் இமை தொங்க ஆரம்பித்த தேதி, பாதி வழியில் வாந்தி எடுத்த தேதி. எல்லாம் வரிசையாக இருந்தது.

"இதைப் பார்த்துத்தான் எங்களுக்குச் சட்டுனு பிடிபட்டுச்சு. பிழைச்சுக்குவாங்க ஐயா. மூணு மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா விழுந்திருக்கவே மாட்டாங்க."

வெளியே வந்தேன். நடைவழியில் பரஞ்சோதி எழுந்து நின்றான்.

"நீ... என் வீட்டுக்கு வந்தது..."

"புள்ள, அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா, வேலையை நிறுத்திடுவாருன்னு அழுதுச்சுண்ணே. எனக்கு மனசு கேக்கல. அதைச் சொல்லத்தான் மூணு தடவை வந்தேன்."

"மன்னிப்புக் கேட்க வரலையா?"

"என்ன மன்னிப்பு?" என்றான். நிஜமாகவே விழித்தான்.

அந்த மன்னிப்பு எனக்கு இன்னும் பாக்கிதான். அதைக் கேட்டு வாங்கத்தான் இனி எனக்கு வாய் இல்லை.