நுரை நிற்காத கிளாஸ்

“எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்க.”

அவள் இப்படிக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். வரும் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். மாப்பிள்ளை பீர்ப் பிரியர், அது அவர் பாடு. நீ கேட்டு வாங்கிக் குடித்து மானத்தை வாங்காதே. வேலையைப் பற்றிக் கேட்டால் ‘லேப்’ என்று சொல், அதற்கு மேல் மூச்சு விடாதே.

மாப்பிள்ளைக்குச் சிநேகிதர்கள் வைத்த பெயர் பீப்பாய். மூன்றாவது மாடியில் வீடு. கூடத்துச் சுவர் முழுக்கப் பாட்டில் மூடிகள். குடித்த ஒவ்வொரு பீரைப் பற்றியும் இணையத்தில் நாலு வரி எழுதுவார், அதைப் படிக்க இருபதாயிரம் பேர். அவளும் அதில் ஒருத்தி. ‘மழையில் நனைந்து காய்ந்த கோணிப்பை வாடை. ஆனால் உள்ளே யாரோ ஆரஞ்சு உரிக்கிறார்கள்’ என்று ஒரு பீரைப் பற்றி எழுதியிருந்தது அவளுக்கு மனப்பாடம். ஏழு வரன்களைத் தட்டிக் கழித்தவள் இதற்குச் சரி சொன்னது அந்த ஒரு வரிக்காகத்தான். இப்படி எழுதுகிற ஆளோடு ஆயுசுக்கும் பேசிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

சென்ட் இல்லை, உதட்டுச் சாயம் இல்லை, முகத்தில் பவுடர்கூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரி வந்திருந்தாள். எளிமையான பொண்ணு என்று வந்தவுடனே பீப்பாய் சான்றிதழ் கொடுத்திருந்தார். இப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

“இது சர்பத் இல்லம்மா. உங்க வீட்ல நீங்கதான் முதல் பட்டதாரின்னு சொன்னாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா இந்த ருசி படிச்சு வர்றதில்ல. தாத்தா காலத்துலேர்ந்து நாக்கு பழகியிருக்கணும்.”

அம்மா அதற்கும் தலையாட்டினாள். மகளுக்குக் காது சூடாகிவிட்டது.

பீப்பாயின் அக்கா சமையலறையிலிருந்து கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்தாள். புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். சமைப்பது, துடைப்பது, பாட்டில் அடுக்குவது எல்லாம் அவள் தலையில். பீப்பாய் முதல் கிளாஸை நிரப்பினார். பொங்கிய நுரை பொங்கின வேகத்திலேயே அமுங்கிப்போனது. அக்கா அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டாள்.

“எண்ணெய்ப் பசை இருக்குடா. நுரை நிக்காது.”

ஒரு கிளாஸ் கழுவக்கூடத் தெரியவில்லை என்று பீப்பாய் விருந்தாளிகளிடம் நொந்துகொண்டார். பிறகு தன் வீரப்பிரதாபங்களை ஆரம்பித்தார். காப்பி வாசம் வரும் கறுப்பு பீர், பல் கூசும் புளிப்பு பீர், தேனைப் புளிக்கவைத்தது, ஆப்பிளைப் புளிக்கவைத்தது. எதைக் குடித்தபோது யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன விலை என்பதெல்லாம் சரியாகச் சொன்னார். என்ன ருசி என்று அவள் கேட்டபோது மட்டும், “அதை அனுபவிக்கணும்,” என்றார்.

“அப்ப ஒரு விளையாட்டு,” என்றாள். “திரும்பி உக்காருங்க. மூணு கிளாஸ் ஊத்தி வைக்கிறேன். எது எப்படின்னு சொல்லுங்க.”

அம்மா இன்னொரு தடவை கிள்ளினாள். அவள் எழுந்து தள்ளி நின்றுகொண்டு இரண்டு பாட்டில்களைத் திறந்து மூன்று கிளாஸ்களில் ஊற்றினாள்.

பீப்பாய் ரசித்துக் குடித்தார். முதலாவதில் கிராம்பு வாசம் என்றார். இரண்டாவது வேறு ஜாதி, புகை வாசம். மூன்றாவதைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இதுதான் ராணி.”

அவள் மூன்று கிளாஸ்களையும் தட்டில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே அக்கா கிளாஸ்களைத் தண்ணீரில் காட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனாள்.

“இது ரெண்டும் ஒரே பாட்டில். அவன் ராணின்னானே, இது ஜன்னலோரம் வெயில்ல கெடந்தது. நனைஞ்ச நாய் பக்கத்துல வந்து நின்ன மாதிரி இல்ல? அங்க வைக்காதடான்னா கேக்கறானா.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “கோணிப்பை வாடைன்னு எழுதினது?”

அக்கா முகம் சிவந்தாள். “அது போன மழைக்கு. நான் சொல்லுவேன், அவன் டைப் பண்ணுவான். குடிக்கல்லாம் மாட்டேன்மா. ஒரு வாய் வச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவேன்.”

அதன்பிறகு அவள் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டாள். அக்கா காய்ந்த கையை மறுபடி துடைத்தாள், கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள், தலையை மட்டும் அசைத்தாள்.

கூடத்துக்கு வந்தவள் உட்காரவில்லை. “போலாம்மா.”

“முடிவு எதுவும் சொல்லலையே,” என்றார் பீப்பாய்.

“முடிவு பண்ணியாச்சு. அக்கா சொல்லுவாங்க.”

படிக்கட்டில் முதல் திருப்பம் வரைதான் அம்மா பொறுத்தாள். “கிளாஸ் கேட்டே கெடுத்தியேடி. எட்டாவது வரனும் போச்சு. அந்த அக்காகாரி உன்னைப் பத்தி என்ன நெனைப்பா?”

அவள் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தாள்.

“வரன் போனாப் போகட்டும்மா. எங்க பீர் ஆலைல என்கூட ருசி பாக்க ஒரு நாக்குக்கு ஆறு மாசமா அலைஞ்சேன், கெடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேர்றாங்க, என்னை மாதிரியே சென்ட் போடாம வரச் சொல்லியிருக்கேன்.”