ஜட்ஜ் ஹாஸ்கெல் வரமாட்டார்

"அஞ்சே நிமிஷம். வந்து நின்னு, 'இவன் நல்லவன், எனக்குத் தெரியும்'னு சொன்னா போதும். சொன்னா உன் வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

லோர்னா தம்பி வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டாள். உள்ளே வா என்று அவன் இன்னும் சொல்லவில்லை.

தம்பி சாதாரண ஆளில்லை. ராய்ஸ் ஹாஸ்கெல், அமெரிக்க மத்திய அரசின் ஃபெடரல் நீதிபதி. ஜனாதிபதியே நியமித்த பதவி. தானாக எழுந்து போனால் ஒழிய, சாகும்வரை லேசில் யாரும் அசைக்க முடியாத நாற்காலி.

"முடியாது, லோர்னா. பதவியில இருக்கிற ஜட்ஜ் இன்னொரு ஜட்ஜ் முன்னாடி போய் ஒருத்தனுக்காக நற்சாட்சி சொல்லக் கூடாது. விதி அப்படி."

"ஒருத்தனா? அவன் டெரிக்! அப்பன் செத்தப்புறம் அவனுக்கு சைக்கிள் கத்துக் கொடுத்ததே நீதானே?"

"அதனாலதான் கூடவே கூடாது."

"வக்கீலை விட்டு சம்மன் அனுப்பறேன். அப்ப வந்துதானே ஆகணும்?"

"நானே சொல்லி அனுப்ப வச்ச சம்மன்னு இந்த நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கத் தெரியும். இந்தக் கேஸைப் பத்தி நாம இப்படிப் பேசறதே தப்பு."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

லோர்னாவின் மகன் டெரிக் கிராமத் தபால்காரன். தோள்வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு அடிமையானான். பிறகு அதே மாத்திரையைத் திருட்டுத்தனமாக விற்பவர்களுக்காகத் தபால் வண்டியிலேயே பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தான்; மாட்டிக்கொண்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. அரசுத் தரப்பு கேட்பது பத்து வருஷம். குறைப்பதும் குறைக்காததும் நீதிபதியின் மனசு. உள்ளூர் நீதிபதிகள் எல்லோரும் ராய்ஸோடு சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் என்பதால், பக்கத்து மாநிலமான கன்சாஸிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள்.

"விதியாவது மண்ணாவது!" என்றாள் லோர்னாவின் மகள் ஜோலீன். "கறுப்பு அங்கியில கறை பட்டுடுமேன்னு பயம். டெரிக்கைப் பிடிச்ச நாள்ல இருந்து ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கே மாமா வரலையே. இத்தனை வருஷம் நம்ம வீட்டுக் கறிக்கு நாக்கைத் தீட்டிக்கிட்டு வந்த மனுஷன்!"

மகள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லையே.

மறுவாரம் சூப்பர் மார்க்கெட்டில் அவனைப் பார்த்தாள். அக்காவைக் கண்டதும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நழுவினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் செத்தா அடக்கம் பண்ணவாவது வருவியா ராய்ஸ்? இல்ல, அதுக்கும் ஒரு விதி வச்சிருக்கியா?"

கடையே திரும்பிப் பார்த்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு வண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

அத்தோடு தம்பி என்று ஒருவன் இருப்பதையே தலைமுழுகினாள்.

தீர்ப்பு நாள். பாதிரியார் டெரிக்குக்காகப் பேசினார். கன்சாஸ் நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். லோர்னா பேசினாள், அழுதாள். பெற்றவள் வேறென்ன சொல்வாள் என்பது போல அவர் தலையாட்டினார். காரியம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இடத்துக்குத் திரும்பும்போதுதான் கடைசி பெஞ்சில் அவனைக் கண்டாள். சாம்பல் நிறக் கோட்டு, மடியில் தொப்பி.

"பார்த்தியா, ஜோலீன்? சாட்சி சொல்ல வர முடியாதாம். வேடிக்கை பார்க்க மட்டும் வந்துட்டான்!"

டெரிக்கின் வக்கீல் பெத் எழுந்தாள். "கடைசியா ஒரு சாட்சி, யுவர் ஆனர். ராய்ஸ் ஹாஸ்கெல்."

அவன் எழுந்து முன்னால் நடந்தான். கன்சாஸ்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜட்ஜ் ஹாஸ்கெல், நில்லுங்க. நீங்க இங்க சாட்சி சொல்லக் கூடாது. அந்த விதியை நான் எடுத்துச் சொல்லணுமா?"

"வேண்டாம், யுவர் ஆனர். புதுசா வர்ற ஜட்ஜுங்களுக்கு அதைப் பாடம் எடுத்ததே நான்தான். அதான் நேத்து சாயங்காலம் ராஜினாமா பண்ணிட்டேன்."

அரசு வக்கீல்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கன்சாஸ்காரருக்குத் தான் உட்கார்ந்திருக்கும் இடமே மறந்துவிட்டது. "உங்களுக்கு ஓய்வு வயசு எப்போ?"

"வர்ற ஏப்ரல்."

"அடப்பாவி மனுஷா! ஏப்ரல் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா ஆயுசுக்கும் முழுச் சம்பளமாச்சே. இப்பப் போனா பென்ஷன்னு ஒரு சல்லிகூட வராதே!"

"வராது. ஆனா தீர்ப்பு இன்னைக்குத்தானே?"

லோர்னா ஜோலீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளால் தம்பியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு குமாஸ்தாவுக்குக் கையைக் காட்டினார். அவர் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதையே கேட்டார்.

"பேரு, தொழில் சொல்லுங்க."

"ராய்ஸ் ஹாஸ்கெல். தொழில் எதுவும் இல்லை. இந்தப் பையனோட தாய்மாமன்."